கணினி இழைகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஓரிடத்தில் தழைத்த பயிரை வேற்று நிலத்தில் நடுவோர், அந்நிலத்தின் தன்மையை ஆராய்ந்தே நடுவர். கணினி நிரல்களை ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்கு இடம்பெயர்க்குங்காலும் இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. நிரலில் எழுதப்பட்டவற்றைக் கண்டு திருத்தலாம். எழுதியவர் சொல்லாமலே கொண்டிருந்த எண்ணங்களைக் காண்பது அரிது. இவ்வுண்மையைக் கணினி 'இழை'களின் வரலாறு நன்கு விளக்கும்.

பல நிரல்களுக்கும் பொதுவாகப் பயன்படும் துணைநிரல்களின் தொகுப்பு நிரலகம் எனப்படும். ஒரு நிரலுக்குள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு, ஒரே காலத்தில் நடைபெறும் பணித்தொடர்களுள் ஒவ்வொன்றும் இழை எனப்படும். ஒரே கரும்பலகையில் மாணவர் இருவர் தனித்தனிக் கணக்குகளைப் போடுவதை இதற்கு ஒப்பிடலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடின் கணக்குத் தவறும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்யும் கட்டுப்பாடே 'பூட்டு' ஆகும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினர். 1973இல் அது சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதனால், 1970களின் இறுதிக்குள் வேறு வகைக் கணினிகளுக்கும் அதனைக் கொண்டுசெல்ல முடிந்தது. அக்காலத்துச் சி நிரலகம், ஒரு நிரலுக்குள் ஒரே பணித்தொடர்தான் நடைபெறும் என்ற எண்ணத்தில் எழுந்ததாகும். பிழை நேர்ந்தால் அதன் எண்ணைக் குறித்துவைக்க 'எர்நோ' என்னும் ஒரே இடம் இருந்தது. இழைகள் பல தோன்றியபின், ஓர் இழை தன் பிழையெண்ணைப் படிக்குமுன் மற்றோர் இழை அதன்மேல் எழுதிவிட இடமேற்பட்டது.

1987இல் வெளிவந்த ஓஎஸ்/2, 1993இல் வந்த விண்டோஸ் என்டி ஆகியவை இழை வசதியுடனேயே பிறந்தன. ஆயினும் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி முறையைக் கொண்டிருந்தது. 1995இல் போசிக்ஸ் தரநிலை, யூனிக்ஸ் வகைத் தளங்களுக்கு இழைகள் பற்றிய பொது முறையொன்றை வகுத்தது. எர்நோவும் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியே உரியதாயிற்று. விண்டோசோ தன் வழியே சென்றது. ஒரு நிகழ்வு நேரும்வரை ஓர் இழை உறங்கிக் காத்திருக்க, பிறிதோர் இழை அதனை எழுப்பும் ஏற்பாடு போசிக்ஸில் தொடக்கமுதலே இருந்தது. விண்டோசில் அது விஸ்டா பதிப்பில்தான் இடம்பெற்றது. விஸ்டா 2007இல் பொதுமக்கள் கைக்கு வரும்வரை, இடம்பெயர்ப்போர் அதனைப் பிற கருவிகளைக்கொண்டு தாமே அமைக்க நேர்ந்தது.

இச்சிக்கலுக்கு நிரலாசிரியர்கள் கண்ட தீர்வு இடைப்படலம். நிரலகம் இடைப்படலத்தை அழைக்கும். இடைப்படலம் அந்தந்தத் தளத்தின் பூட்டை அழைக்கும். ஜிசிசி என்னும் புகழ்பெற்ற தொகுப்பியின் நிரலகங்கள் இவ்வாறே அமைந்துள்ளன. இழையே இல்லாத தளத்தில் அவற்றின் இடைப்படலம் எதனையும் பூட்டாது, பணி முடிந்ததென்று மட்டும் விடை கூறும். ஓர் இழையே ஓடுமிடத்தில் பூட்டு வீண்செலவு. ஆதலின் இது தக்கதே.

ஆபத்தும் இங்கேதான் உள்ளது. இழைகள் உள்ள புதிய தளத்தை, இழையற்றது எனத் தவறாகக் குறித்துவிட்டால், நிரலகம் எவ்வித எச்சரிக்கையுமின்றி உருவாகக்கூடும், சோதனைகளிலும் தேறக்கூடும். ஆனால் உள்ளிருப்பது வெற்றுப் பூட்டு. என்றோ ஒருநாள் இரு இழைகள் ஒரே கணத்தில் ஒரே இடத்தைத் தொடும்போது கணக்குத் தவறும். மீண்டும் ஓட்டிப் பார்ப்பின் அத்தவறு தோன்றாமலும் போகும்.

பெயர் ஒன்றாயிருப்பதும் போதாது. சேவியர் லெராய் 1996இல் லினக்சுக்கு ஆக்கிய இழைத் தொகுதியில் போசிக்ஸ் பெயர்களே இருந்தன. ஆனால் ஒவ்வோர் இழையும் உள்ளே தனிச் செயலாக்கமாக இயங்கியது. ஒரே நிரலின் இழைகள், தம் செயலாக்க எண்ணை வினவியபோது வெவ்வேறு எண்களைப் பெற்றன. உல்ரிக் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் 2002இல் அறிவித்த புதிய தொகுதி இக்குறையை நீக்கியது. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 உட்கரு அதற்குத் துணைநின்றது.

நிரலகம் ஒன்றால் மட்டும் இழைகளைச் செம்மையாக அமைத்தல் இயலாது என ஹான்ஸ் போம் 2005இல் நிறுவினார். இழைகளை அறியாத தொகுப்பி, கட்டளைகளின் வரிசையை மாற்றிவிடக்கூடும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. 2011இல் சி, சி++ ஆகிய இரு மொழிகளின் தரநிலைகளும் இழைகளுக்குரிய விதிகளை ஏற்றன. எனினும் சி மொழியில் இழை நிரலகம் கட்டாயமாக்கப்படவில்லை. ஆகவே இடம்பெயர்ப்போரின் பொறுப்பு இன்றும் தீர்ந்தபாடில்லை.

தளத்தில் இழை வசதி உண்டா என்பது ஐயமாயின், உருவாக்கத்தையே நிறுத்திப் பிழை கூறும் நிரலகம், வாய்பேசாது இசையும் நிரலகத்தினும் மேலானது. தெரியாததைத் தெரியாது எனக் கூறும் மாணவனுக்கு ஆசிரியர் கற்பிக்க இயலும். தெரிந்தவன்போல் தலையசைப்பவனின் அறியாமை, தேர்வு நாளன்றே வெளிப்படும்.