நீரோரம் யாருடையது?

வீட்டின் பின்புறம் கால்வாய். அதன் ஓரத்தில் சிமெண்ட் தளம் போட்டு நாலு நாற்காலி வைத்தால் அதற்குப் பெயர் 'ரிவர் வியூ'. அதே ஓரத்தில் தகரம் வேய்ந்து குடியிருந்தால் பெயர் ஆக்கிரமிப்பு. இந்த வேறுபாட்டுக்குச் சென்னையில் நீண்ட வரலாறு உண்டு.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, 1877-78இல் தாது வருடப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்சம் முதலில் விழுங்கியது நிலமற்ற கூலிகளை. அவர்களில் தலித்துகள் ஏராளம். கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் வந்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

1920களில் மயிலாப்பூர் நெட்டேரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. ஓர் ஏரியே போனது. ஆனால் தி.நகரை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. அது 'நகர வளர்ச்சி'. 1997இல் பறக்கும் ரயில் மயிலாப்பூர் வந்தது. அதன் தூண்களும் நிலையங்களும் கால்வாயிலேயே ஊன்றப்பட்டன. அதுவும் வளர்ச்சி.

2022 ஏப்ரல் இறுதியில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், அதே கால்வாயோர ஆக்கிரமிப்பு என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் உழைக்கும் மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. மே மாதம், இடிப்பை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே மாற்று வீடு தருவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே வீடு தர முடியும் என்றால், முன்பே ஏன் தரவில்லை?

நீர்நிலை காக்கப்பட வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. வெள்ளம் முதலில் நுழைவது நம் குடிசைகளில்தான். ஆனால் ஓதம் ஏறும் ஆறு, கால்வாய்களின் ஓரத்தில் 2011 கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை 100 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. நீரோரம் காகிதத்தில் சுருங்கிய அதே காலத்தில், 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அந்த இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி! ஆற்றைக் காக்க வெளியேற்றப்பட்டவர்கள், சதுப்பின் விளிம்பில் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள்.

எனவே தோழர்களே, அடுத்த முறை அளவு நாடா வரும்போது 'அளக்காதே' என்று சொல்லாதீர்கள். 'இரண்டு கரையையும் அள' என்று சொல்லுங்கள். நில அளவை வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். குடிசையோடு சேர்த்து, மதில் சுவரும் வாகன நிறுத்தமும் பின்கட்டுச் சிமெண்ட் தளமும் அதே பட்டியலில் ஏறட்டும். சட்டம் ஒரே கோடு என்றால், அது எல்லார் வாசலிலும் ஒரே மாதிரி விழ வேண்டும்.