சூலகச் சத்திரசிகிச்சை: அகற்றலும் பேணலும் – ஒரு சமூகவியல் நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மேதைகளின் சாதனைப் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கத்தியைப் பிடித்த கை நினைவுகூரப்படும் அளவிற்கு, அக்கத்திக்கு உட்பட்ட உடலின் சமுதாய நிலை ஆராயப்படுவதில்லை. சூலகச் சத்திரசிகிச்சையின் வரலாறு இக்குறைபாட்டைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

1809 டிசெம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில், எப்ரேயிம் மக்டவல் என்னும் வைத்தியர், ஜேன் டொட் குரோஃபோர்ட் என்பவரின் வயிற்றைத் திறந்து பெரியதொரு சூலகக் கட்டியை அகற்றினார். ஏறத்தாழ 60 மைல் குதிரையிற் பயணஞ்செய்து வந்த அப்பெண், மயக்கமருந்து அறியப்படாத அக்காலத்திலே அதனைத் தாங்கி, 1842 வரை உயிர்வாழ்ந்தார். 1817 இல் மக்டவல் வெளியிட்ட அறிக்கையிற் குறிப்பிடப்பெறும் ஏனைய இருவரும் கறுப்பினப் பெண்கள். அடிமைமுறை சட்டபூர்வமாக நிலவிய மாநிலம் அது. குரோஃபோர்டின் பெயரை வரலாறு போற்றுகின்றது. அவ்விருவரும் அவ்வறிக்கையிற் பெயரின்றியே நிற்கின்றனர்.

ஈதர் மயக்கமும் (1846) லிஸ்டரின் கிருமியழிப்பு முறையும் (1867) சத்திரசிகிச்சையின் ஆபத்தைக் குறைத்தன. ஆனால், தொழில்நுட்பத்தின் வளர்ச்சி தானாகவே மனித விடுதலையாகிவிடுவதில்லை. 1872 இல் அமெரிக்காவில் ரொபேட் பாற்றி, நோயற்ற சூலகங்களையே அகற்றத் தொடங்கினார். மாதவிடாய்த் துன்பம் முதலாக வலிப்பு, நரம்புத் தளர்ச்சி, ‘ஹிஸ்டீரியா’ ஈறாகப் பலவற்றுக்கும் இது பரிகாரமெனக் கொள்ளப்பட்டது. பெண்ணின் உளமும் ஒழுக்கமும் அவளது சூலகத்தில் உறைகின்றன என்னும் விக்டோரிய காலக் கருத்துநிலையே இங்கு கத்தியை வழிநடத்திற்று. ஸ்பென்சர் வெல்ஸ் போன்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சையாளரே பின்னர் இதனைக் கண்டித்தமை மனங்கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே எதிர்நிலை உருவாகியது. இங்கிலாந்தில் விக்டர் பொனி, கருப்பையையும் சூலகத்தையும் இயன்றவரை பேணிக் கட்டியை மாத்திரம் அகற்றும் முறையை வலியுறுத்தினார். எனினும், புற்றுநோயெனில் கருப்பையையும் இரு சூலகங்களையும் ஒருங்கே அகற்றுதலே நெடுங்காலம் விதியாக இருந்தது. அவ்விதிக்குக் காரணமும் இருந்தது: எஞ்சிய நோயைக் கட்டுப்படுத்தத்தக்க மருந்து அன்று இல்லை. இளம் பெண்களைப் பற்றும் மூலவுயிரணுக் கட்டிகளிற் பல, ஓரிரு ஆண்டுகளிலேயே உயிரைப் பறித்தன. 1978 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சிஸ்பிளாற்றின் இந்நிலையை மாற்றியது. இக்கட்டிகள் பெரும்பாலும் ஒரு சூலகத்தையே பற்றுவன. மருந்துக்கு நன்கு இணங்குவன. ஆகவே, நோயுற்ற சூலகத்தையும் அதன் குழாயையும் அகற்றி, மற்றைய சூலகத்தையும் கருப்பையையும் விட்டுவைத்தல் இயலுவதாயிற்று. மேலணிப் புற்றுநோயிலும், அது ஒரு சூலகத்துள் அடங்கி, உறை சிதையாது, உயிரணுக்களின் தன்மையும் சாதகமாக இருப்பின் இம்முறை இன்று ஏற்கப்படுகின்றது. ஆயின் வயிற்றறையை முழுமையாகப் பரிசோதித்து நோயின் நிலையை நிர்ணயித்தலும், தொடர்ந்த கண்காணிப்பும் இன்றியமையாதன.

இதனை வெறும் முன்னேற்றமென மாத்திரம் கொள்ளல் போதாது. 1884 இல் ஏங்கெல்ஸ், வாழ்வுச் சாதனங்களின் உற்பத்தியோடு மனிதரின் மறுவுற்பத்தியையும் வரலாற்றை நிர்ணயிக்கும் காரணியாக எடுத்துக்காட்டினார். அம்மறுவுற்பத்தியின் மீதான அதிகாரம் யாருடையது என்பதே இங்கு அடிப்படை வினா. பாற்றியின் காலத்திற் பெண்ணை அடக்குதற்காகச் சூலகம் அகற்றப்பட்டது. இன்று அவளைத் தாய்மைக்குள் அடக்குதற்காக அது பேணப்படலாகாது. ‘மலடி’ என்பது வசைமொழியாக வழங்கும் எமது சமுதாயத்தில், மீள்நோயின் ஆபத்தைப் பெண் எடைபோடுமுன் குடும்பம் தீர்மானித்துவிடும் அபாயம் உண்டு. மறுபுறம், தேர்ந்த நோயியலாய்வும் ஆண்டுக்கணக்கான கண்காணிப்பும் பணவசதியைப் பொறுத்தனவாயின், பேணும் உரிமை வசதிபடைத்த வர்க்கத்தின் சலுகையாகச் சுருங்கும். ஏழைப் பெண்ணுக்குப் பழைய விதியே எஞ்சும்.

ஆகவே, அகற்றலா பேணலா என்பது சத்திரசிகிச்சை நுட்பத்துள் மாத்திரம் விடை காணக்கூடிய வினாவன்று. நோயின் தன்மையையும் ஆபத்தையும் தன் மொழியில் அறிந்து, அச்சமின்றித் தானே முடிவுசெய்யும் பெண்ணும், அம்முடிவை எவர்க்கும் சாத்தியமாக்கும் பொது மருத்துவ அமைப்பும் ஒருங்கே அமையும்போதுதான், 1809 இல் தொடங்கிய இவ்வரலாறு பெண்ணின் வரலாறாகவும் ஆகும்.