வட்டுக்கோட்டைக்கு வந்த செயலாளர்



தமிழ்வழிக் கல்வியை ஆதரிப்போரெல்லாம் தமிழுக்கு நன்மை செய்வோர் என்றும், ஆங்கிலத்தைக் கற்பிப்போரெல்லாம் தமிழுக்குத் தீங்கு செய்வோர் என்றும் எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வரலாறு அவ்வளவு எளிதாக அமைவதில்லை. 1855ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு வருகை தந்த அமெரிக்கத் திருச்சபைத் தலைவர் ஒருவர், தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவ்வருகையின் விளைவாக மூடப்பட்டதோ தமிழ்ப் புலமைக்குப் பெருந்துணையாக விளங்கிய ஒரு கல்விக்கூடம். இந்த முரணே இன்றைய உரையின் பொருளாகும்.

1810இல் அமெரிக்காவில் தோன்றி, பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது அமெரிக்க மிஷன். அதன் ஊழியர்கள் 1816இல் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி உருவாயிற்று. அதன் முதல் தலைவர் டானியல் பூவர். சமய ஊழியர்களை உருவாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் அங்கே நடந்த கல்வி அந்த எல்லைக்குள் அடங்கவில்லை. தமிழ் இலக்கண இலக்கியங்களும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. தமிழும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த ‘உதயதாரகை’ இதழை 1841 முதல் நடத்தியவர்களும் அக்கல்விச் சூழலில் உருவானவர்களே.

பாஸ்டன் தலைமையகத்தில் இதனைக் கவலையுடன் நோக்கியவர் ரூஃபஸ் ஆண்டர்சன். அவர் 1832 முதல் 1866 வரை அந்த மிஷனின் செயலாளராக இருந்தவர். 1854ஆம் ஆண்டின் இறுதியில் தம் தோழர் அகஸ்டஸ் தாம்சனுடன் இந்தியாவுக்கு வந்தார். மராத்திய நாட்டுப் பணித்தளங்களைப் பார்வையிட்டபின் மதுரைக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணத்திற்கும் சென்றார். சென்ற இடமெல்லாம் ஊழியர்களைக் கூட்டிக் கலந்து பேசினார். அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வி ஒன்றே: இப்பள்ளிகள் திருச்சபைக்குப் பயன்படுகின்றனவா?

வட்டுக்கோட்டையில் அவர் கண்ட காட்சி அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆங்கிலம் கற்ற மாணவர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமந்தோறும் சென்று ஊழியம் செய்ய முன்வந்தோர் சிலரே. செலவோ மிகுதி. ஆகவே செமினரி 1855இல் நிறுத்தப்பட்டது.

ஆண்டர்சனைத் தமிழ்ப் பகைவர் என்று கூறுவது நீதியாகாது. ஒவ்வொரு நாட்டுத் திருச்சபையும் தன் சொந்தப் பொருளால், தன் சொந்தத் தலைமையால், தன் சொந்த முயற்சியால் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அயல்நாட்டு நடையுடை பாவனைகளை மக்கள்மேல் திணிப்பதை அவர் விரும்பவில்லை. மக்களின் நெஞ்சைத் தொடுவது மக்களின் மொழியே என்று அவர் நம்பினார். இவை போற்றத்தக்க கருத்துகள்.

ஆயினும் அவர் தாய்மொழியைப் போற்றியது எந்த அளவுக்கு என்று கேட்க வேண்டும். ஊழியருக்கு வேண்டிய கல்வி போதும், அதற்குத் தமிழ் போதும் என்பதே அம்முடிவின் உட்பொருள். அங்கே தமிழ் உயர்கல்வியின் வாயிலாக எண்ணப்படவில்லை. கல்வியின் எல்லைக்கோடாக எண்ணப்பட்டது. தம் பிள்ளைகள் எவ்வளவு கற்க வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தீர்மானிக்கவில்லை. கடல் கடந்த தலைமையகத்தின் நோக்கமே தீர்மானித்தது.

பின்வந்த நிகழ்ச்சிகள் சிந்திக்கத்தக்கவை. செமினரி மூடப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள். அவர்களுள் தாமோதரம்பிள்ளை பழைய ஏடுகளைத் தேடி ஆராய்ந்து, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆங்கிலக் கல்வி அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. 1872இல் உள்ளூர் மக்களின் பெருமுயற்சியால் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மூடிய கதவைத் திறக்க ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆயின.

அப்படியானால் தமிழ்வழிக் கல்விதான் பிழையா? இல்லை. அதே மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் அதற்குச் சான்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார், கலைச்சொற்களை ஆக்கினார். ஆண்டர்சனும் கிறீனும் தமிழே வேண்டும் என்றவர்கள்தாம். முன்னவர் தமிழுக்கேற்பக் கல்வியைச் சுருக்கினார். பின்னவர் கல்விக்கேற்பத் தமிழை விரித்தார். வேறுபாடு இங்கேதான் உள்ளது.

இவ்வரலாறு மலேசியத் தமிழராகிய நமக்கு அயலானதன்று. அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் இறங்கிய அதே 1816ஆம் ஆண்டில்தான் பினாங்கில் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது. 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், இருப்புப்பாதை நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்ற வந்தோருள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்றோர் பலர். தோட்டப்புறப் பள்ளிகளிலோ தமிழ் வேறு வகையில் எல்லைக்கோடாயிற்று: எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதே அங்கு அளவுகோல்.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது நம் தமிழ்ப்பள்ளிகளில் எழுந்த விவாதத்தை ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எம்மொழியில் கற்பிப்பது என்ற வினா மீண்டும் மீண்டும் எழும். அப்போதெல்லாம் அதனோடு மேலும் இரண்டு வினாக்களை நாம் எழுப்ப வேண்டும். அம்மொழியில் எவ்வளவு உயரம்வரை கற்பிக்கப் போகிறோம்? அதனை முடிவு செய்பவர் யார்? தமிழில் கற்பிக்கிறோம் என்று சொல்லிப் பாடத்தின் தரத்தைக் குறைப்போமானால், வட்டுக்கோட்டையின் கதவை நாமே மறுபடியும் மூடியவர்களாவோம்.