லூனி: பித்தா, பறவையா?

கனடாவின் ஒரு டாலர் காசை 'லூனி' என்கிறார்கள். லூனி என்றால் பைத்தியம் என்றும், அந்நாட்டார் தம்மைத் தாமே கேலி செய்து வைத்துக்கொண்ட பெயர் என்றும் எழுதுவோர் பெருகிவிட்டனர். கனடியருக்குத் தம்மைக் கேலி செய்துகொள்வதில் விருப்பம் உண்டு, மெய்தான். அதற்காகச் சொற்பிறப்பைக் கெடுக்கலாமா?

பித்தனைக் குறிக்கும் 'லூனி', லத்தீனில் நிலவைக் குறிக்கும் 'லூனா' வழி வந்தது. 'லூனாட்டிக்' என்பதன் 19ஆம் நூற்றாண்டுக் குறுக்கம். (உடனே நம் 'மதி'யை இழுத்து வந்து திங்களையும் அறிவையும் முடிச்சுப் போடுவோர்க்கு வேறொரு நாள் விடை சொல்வேன்.) காசின் லூனியோ 'லூன்' என்னும் நீர்ப்பறவையின் பெயர். 1994 முதல் அது ஒண்டாரியோ மாகாணப் பறவையும்கூட.

அப்பறவை காசில் ஏறியதே தற்செயல். துடுப்புப் படகில் செல்லும் வணிகர் உருவத்தைத்தான் முதலில் பொறிக்க இருந்தார்கள். 1986 நவம்பரில் ஆட்டவாவிலிருந்து வின்னிபெக் அக்கசாலைக்கு அனுப்பிய மூல அச்சுகள் வழியில் தொலைந்தன. கள்ளக்காசுக்கு அஞ்சி, ஓவியர் கார்மைக்கேல் வரைந்த லூனுக்கு மாறினர். 1987இல் காசு வெளியானது. பார்சல் தொலைந்ததில் ஒரு நாட்டுக்குச் சின்னம் வாய்த்தது! மக்கள் வாயில் பிறந்த செல்லப்பெயருக்கு 2006இல் அக்கசாலையே உரிமை பெற்றுக்கொண்டது. வராகம் பொறித்த காசு வராகன் ஆனதை அறிந்தோர்க்கு இந்த ஆகுபெயர் புதிதன்று.

1996இல் இரண்டு டாலர் காசில் பனிக்கரடி வந்தது. முறைப்படி அதைக் 'கரடி' என்றல்லவா சொல்ல வேண்டும்? 'டூனி' என்றார்கள். 'டூ' என்ற எண்ணுப்பெயர் லூனியின் வாலை ஒட்டிக்கொண்டது. எதுகைக்கு முன் இலக்கணம் எம்மாத்திரம்! 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஹாக்கித் திடலின் பனிக்கடியில் கனடியர் ஒருவர் லூனியைப் புதைத்து வைக்க, ஆடவர், மகளிர் இரு அணிகளும் தங்கம் வென்றன. இதைப் பித்து என்றால் மறுக்க மாட்டேன். சொற்பிறப்புக்கு அது சான்றாகாது.

இனிப் பறவைக்கு அப்பெயர் வந்த காரணம். கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் லூன் தரையில் தத்தித் தடுமாறும். எனவே 'நொண்டி' என்பதே மூலப்பொருள் என்பர் ஒரு சாரார். பொருந்தாது. வாழ்நாளெல்லாம் நீரில் கிடக்கும் பறவைக்கு, என்றோ கரையேறிய நேரத்து நடையைப் பார்த்தா பெயர் வைப்பார்கள்? வடபுலத்து ஏரிக்கரையில் இரவு தங்கியவர் அறிவர்: லூனைக் கண்ணுக்கு முன்பே காது கண்டுகொள்ளும். ஓநாய் ஊளையிடுவதுபோல் நீண்ட ஓலம் ஒன்று. நடுங்கும் சிரிப்பு ஒன்று. பைத்தியக் கதைக்கு உரம் போட்டது அச்சிரிப்பு. பெயருக்கு வேர் ஓலமே.

இப்பறவை பழைய நார்ஸ் மொழியில் 'லோம்ர்', ஸ்வீடிஷில் 'லோம்', ஐஸ்லாந்து மொழியில் 'லோமுர்'. புலம்பலைக் குறிக்கும் லத்தீனின் 'லாமென்டும்' இவற்றுக்கு உறவு. காகம் தன் குரலால் பெயர் பெற்றதுபோல்தான் இதுவும். ஓலம் பறவைக்கு ஆகி, பறவை காசுக்கு ஆனதால் இதனை இருமடியாகுபெயர் என்பேன். கையில் காசில்லை என்று மூக்கால் அழுபவனை 'லோமுரை அடிக்கிறான்' என்கிறார்கள் ஐஸ்லாந்தார். நொண்டிக் கட்சியார் முதலில் அவர்களுக்கு விடை சொல்லட்டும்.