அரியலூர்க் கடல்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் ரயில், விருத்தாசலத்தைக் கடந்து அரியலூரை நெருங்குகையில், ஒரு பழங்கடலின் தரைமீது ஓடுகிறது. ஊருக்குத் திரும்பும் நம்மில் பலர் இதை அறிவதில்லை. கடற்கரை இன்று கிழக்கே நெடுந்தொலைவில் உள்ளது. எனினும், இங்குள்ள சுண்ணாம்புக் கல்லைப் பிளந்தால் கிளிஞ்சலும் கடல்நத்தையும் கல்லாகிக் கிடக்கக் காண்கிறோம். அயலிலுள்ள காரை என்னும் ஊரின் களிமண் மேடுகளில், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட் ஓடுகளும் அகப்படுகின்றன.

இவற்றை உலகறியச் செய்தவர்கள் கேய், கன்லிப் என்னும் இரு ஆங்கில அதிகாரிகள். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் அவர்கள் திரட்டியவற்றை எட்வர்டு போர்ப்ஸ் ஆராய்ந்து, 1846-இல் இலண்டனில் வெளியிட்டார். பின்னர் பிளான்போர்டு இந்நிலத்தை ஆராய்ந்து, படுகைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா, 1862-இல் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து, இவ்வுயிர்களை நான்கு பெரும் நூல்களில் விவரித்தார். அப்பணி 1873-இல் நிறைவெய்தியது. மறு ஆண்டே, மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில் 36 வயதில் உயிர் நீத்தார்.

எழுத்தில்லாக் கல்லின் வயதை இவர்கள் எவ்வாறு கண்டனர்? கீழடுக்கு முதியது, மேலடுக்கு இளையது என்பது முதல் விதி. அம்மோனைட்டில் ஒவ்வோர் இனமும் சிறிது காலமே வாழ்ந்து மறைந்தது. ஆயினும் பல இனங்கள் கடல் கடந்து பரவியிருந்தன. ஆதலால், ஒரே இனம் காணப்படும் இரு தேசத்துப் படுகைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. ஐரோப்பியப் படுகைகளோடு இங்ஙனம் ஒப்பிட்டே, இவை கிரெடேஷியஸ் யுகத்தவை எனத் துணிந்தனர்.

ஆண்டுக் கணக்கு பிற்காலத்தில் வந்தது. பிற நாடுகளில் இத்தகைய உயிர்ச் சின்னங்களுக்கு இடையே எரிமலைச் சாம்பலும் படிந்துள்ளது. அச்சாம்பலிலுள்ள கதிரியக்கப் பொருள் எவ்வளவு சிதைந்துள்ளது என அளந்து அறிஞர் காலம் கணித்தனர். அதன்படி, அரியலூர் வட்டாரத்தில் கடல் புகுந்தது சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பாகும். அம்மோனைட்டுகள் உலகெங்கும் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

இச்சுண்ணாம்புக் கல்லே சிமெண்டுக்கும் மூலப்பொருள். சுரங்கம் வெட்டுகையில் புதிய சின்னங்கள் வெளிப்படுகின்றன. எடுத்துக் காப்பாரில்லையேல், அவை சூளையில் வெந்து போகின்றன. ஓட்டை மட்டும் காத்தாலும் போதாது. அது எவ்வடுக்கில் கிடந்தது என்னும் குறிப்பு இல்லையேல், அதன் காலத்தை அறிவது அரிதாகிவிடும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அத்தகைய கல் ஒன்றைக் கண்டால், நாம் முதலில் குறிக்க வேண்டியது அது கிடந்த இடத்தையே.