ஒரு கேம்பேட், இரண்டு மென்பொருள்கள்

யாழ்ப்பாணத்துத் தட்டச்சு நிலையத்தில் பாமினி எழுத்துரு பழகியவருக்கு இந்த வித்தை புதிதல்ல: ஜே விசையைத் தட்டினால் 'த' விழும். கேம்பேட்டை விசைப்பலகையாக நடிக்கவைக்கும் மென்பொருளும் இப்படித்தான். நாம் பொத்தானை அமுக்க, அம்புக்குறி விசை அமுங்கியதாக விளையாட்டு நம்பிவிடும்.

பிளாஷ் காலத்து 'பயர்போய் அன்ட் வோட்டர்கேர்ள்' விளையாட்டை எடுங்கள். ஒருவருக்கு அம்புக்குறிகள், மற்றவருக்கு ஏ, டபிள்யூ, டி. இரண்டு பெடியள் ஒரே பலகையில் முட்டி மோதுவது ஒருபுறமிருக்க, மலிவான பலகைகள் சில விசைகளைச் சேர்த்து அமுக்கும்போது ஒன்றை விழுங்கிவிடும். உள்ளேயுள்ள கம்பிப்பின்னலின் குறை அது. கேம்பேட் வழியாக வரும் சமிக்ஞைக்கு அந்தப் பின்னலோடு வேலையே இல்லை.

இதற்கு நான் பரிந்துரைப்பவை ஜோய்ரூகீயும் அன்ரிமைக்ரோஎக்ஸும்.

ஜோய்ரூகீ விண்டோசுக்கு மட்டும். சிறிய கோப்பு, நிறுவாமலே ஓடும். திரையில் வெறும் அட்டவணைதான், ஆனால் பொத்தானை அமுக்கியதும் அதற்குரிய வரி மஞ்சளாகும். பெயரில்லாத மலிவுக் கேம்பேட்டில் எது எந்தப் பொத்தான் என்று கண்டுபிடிக்க இதைவிட இலகுவான வழியை நான் பார்த்ததில்லை. எந்த விளையாட்டுத் திறக்கிறதோ அதற்கான அமைப்புக்குத் தானே மாறும். விளையாட்டு நிர்வாகி உரிமையில் ஓடினால் இதையும் அப்படியே ஓட்டவேண்டும். பலர் இதில்தான் மாட்டுப்படுகிறார்கள். தொடர்ந்து பாவிக்க விரும்புபவர் உரிமம் வாங்கவேண்டும்.

கைவிடப்பட்ட அன்ரிமைக்ரோவின் கிளையான அன்ரிமைக்ரோஎக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் இலவசம். லினக்சிலும் விண்டோசிலும் ஓடும். ஒரே கேம்பேட்டுக்கு எட்டு விசைத்தொகுதிகள் வைக்கலாம், குச்சியைச் சுட்டியாக்கி அதன் வேகத்தை நுணுக்கமாகத் திருத்தலாம். லினக்சில் பிளட்பக் பொதியாக இறக்கினால் கூடவே சில நூறு மெகாபைட் வந்து டேற்றாவைத் தின்னும். அங்கே விசைகளைப் போலியாக அனுப்ப உதவும் யூஇன்புட்டுக்கு அனுமதி சரியில்லாவிட்டால் அசையாமலும் போகலாம்.

வசதிகளை எண்ணினால் அன்ரிமைக்ரோஎக்ஸ் வெல்லும், சுலபத்தில் ஜோய்ரூகீ. ஆனால் இங்கே தீர்மானிப்பது மடிக்கணினிதான். ரொறன்ரோவிலோ பாரிசிலோ உள்ள சித்தப்பா பாவித்துவிட்டு அனுப்பிய கணினிகள் பல வீடுகளில் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. பழைய செயலிகளை விண்டோஸ் 11 ஏற்காது. அத்தகைய கணினிகளில் லினக்ஸ் மின்ற் போடுபவருக்கு ஜோய்ரூகீ நேரடியாக ஓடாது, அன்ரிமைக்ரோஎக்ஸ்தான் வழி. விண்டோஸ் இன்னும் ஓடுகிற வீட்டில் ஜோய்ரூகீயை விட்டு மாற எனக்குக் காரணம் தெரியவில்லை.