வாரிசு

அரபியின் 'வாரிஸ்' உருது வழியே வந்து தமிழில் 'வாரிசு' ஆனது. சொத்துரிமை பெறுபவர் என்பது பொருள். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இறந்தவரின் ஜிமெயிலைத் திறக்க அந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. கணக்கு உயிரற்றுக் கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்பே குறித்துவைக்கும் வசதியை கூகுள் 2013இல் தந்தது. 3 மாதம் முதல் 18 மாதம் வரை கெடு வைக்கலாம். ஃபேஸ்புக்கில் 2015 முதல், தன் இறப்புக்குப் பின் கணக்கைக் கவனிக்க ஒருவரை நியமிக்கலாம், ஆனால் அவரால் இறந்தவரின் மெசஞ்சர் உரையாடல்களைப் படிக்க முடியாது. ஆப்பிளோ, ஒருவரை நியமிக்கும்போதே ஒரு சாவிக் குறியீடு தருகிறது. பிறகு அதனோடு இறப்புச் சான்றிதழும் காட்ட வேண்டும். வாரிசு உறவால் அமைகிறார்; இப்படி நியமிக்கப்படுபவரோ கணக்குக்காரர் தேர்ந்தெடுத்தவர், நண்பராகவும் இருக்கலாம். யாரையும் குறித்துவைக்காததால் பெற்ற பிள்ளைக்கே அப்பாவின் படங்கள் கிடைக்காமல் போவது கொடுமை. இன்றே ஒரு பெயரைப் பதிந்துவையுங்கள்.